ஒத்தத் தலைவலியும் ஒரு கொப்பியும்

வணக்கம், நேயர்களே.

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இன்று அட்டனில் படிப்பித்துக்கொண்டிருக்கிற ஆசிரியை நான். வைத்தியர் அல்ல. பதினான்கு வயதிலிருந்து ஒத்தத் தலைவலியோடு வாழ்கிறவள். என் பெரியம்மாவுக்கும் இதே வலிதான். எங்கள் இருவரையும் கண்டியில் ஒரு நரம்பியல் நிபுணர் பார்த்தார். பெரியம்மாவை அவர் பார்த்த அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

பெரியம்மா கொழுந்து பறிக்கிறவர். வலி வந்த நாளில் பத்து மணிக்கெல்லாம் வாந்தி எடுத்துவிடுவார். வெயில் பட்டால் கண்ணைத் திறக்க முடியாது. கூடைக் கயிறு உச்சந்தலையை அழுத்த அழுத்த மண்டை தெறிக்கும். பாதியில் மலையை விட்டு இறங்கினால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான். அதனால் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு நிற்பார். இறங்கி வந்தால் மட்டும் என்ன? வெளிச்சமும் சத்தமும் இல்லாத இடத்தில் படுக்கச் சொல்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், அடுப்புப் புகைக்கு நடுவே, அப்படி ஒரு மூலை ஏது? பித்தம் என்றார்கள், தலையில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மருந்தெடுக்கப் போன இடத்தில் 'தலைவலி' என்று ஒரே சொல்லைச் சொல்வார். மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். பதினொரு வருடம் இப்படியே போனது.

கடைசியில் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, கடிதம் வாங்கி, கிளினிக் திகதியும் கிடைத்தது. விடியற்காலை பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று கண்டிக்குப் போனோம். "மண்டைய மிஷின்ல போட்டா என்னான்னு தெரிஞ்சிரும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார் பெரியம்மா.

டொக்டர் மிஷினைத் தேடவில்லை, கேள்வி கேட்டார். எந்தப் பக்கம் வலிக்கிறது? எத்தனை மணி நேரம் இருக்கிறது? நடந்தால் கூடுகிறதா? வலிக்கு முன் கண்ணில் கோணல் கோணலாக வெளிச்சம் ஓடுகிறதா? மாதவிடாய் நாட்களை ஒட்டி வருமா? காலையில் சாப்பிட்டுவிட்டா மலைக்குப் போகிறீர்கள்?

அவர் சிங்களத்தில் கேட்க, நான் மொழிபெயர்த்தேன். வலி எப்படியிருக்கும் என்றதற்கு, "உரல்ல இடிக்கிற மாதிரி, விட்டு விட்டு இடிக்கும்" என்றார் பெரியம்மா. நான் அதைக் 'கடுமையான வலி' என்று சொல்லிவிட்டேன். டொக்டர் விடவில்லை, அவர் சொன்ன சொல்லையே சொல்லுங்கள் என்றார். உரல் என்றதும் பேனாவை எடுத்து எழுதினார். நாடி துடிப்பதுபோல் இடிக்கிற அந்த வலிதான் அவர் தேடிய அடையாளம். படித்தவள் நான், அதை வழியிலேயே கொட்டிவிட்டேனே என்று இன்றும் மனம் குத்துகிறது.

கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். ஸ்கேன் எழுதவில்லை. ஒத்தத் தலைவலி ஸ்கேனில் தெரிகிற நோயல்ல. வேறேதும் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால்தான் ஸ்கேன். மருந்தில்லாமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கிற வலி இது. ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு அதிகம்.

பிறகு, மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டார். இருபது நாள் இருக்கும். பனடோல் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் கூடுதலாகப் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். "மருந்தே வலியாப் போச்சா?" என்று பெரியம்மா கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. வலி வராமலே தடுக்கிற மருந்து வேறு. முதலில் புரொப்ரனலோலை நினைத்த டொக்டர், பெரியம்மாவுக்கு மூச்சிழுப்பு (ஆஸ்துமா) உண்டென்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டு, இரவில் போட அமிட்ரிப்டிலினைச் சிறிய அளவில் எழுதினார். பலன் தெரிய இரண்டு மாதம் வரை ஆகலாம் என்றார்.

தங்கைமார் கேளுங்கள். பிள்ளை பெறும் வயதில் இருந்தால் டொக்டரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த வலியைத் தடுக்கக் கொடுக்கிற மருந்துகளில் டொபிரமேட், வல்புரோயேட் இரண்டும் கருவைப் பாதிக்கக்கூடியவை. வலிக்கு முன் கண்ணில் வெளிச்சம் ஓடுகிறவர்கள் கருத்தடை மாத்திரை எடுத்தால் அதையும் மறைக்காதீர்கள். சிலவகை மாத்திரைகள் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

இன்னொன்று. இடி விழுந்தாற்போல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறுகிற தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வு, வாய் குழறல், இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் திகதி பார்க்க வேண்டாம். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்குகிற தலைவலியையும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

திரும்பும்போது டொக்டர் ஒரு கொப்பி வைக்கச் சொன்னார். பெரியம்மாவுக்கு எழுதத் தெரியாது. பேத்தி கட்டம் போட்டுக் கொடுத்தாள்: வலி வந்த நாளுக்குப் புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்குக் கோடு, சாப்பிடாமல் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, போன நாளுக்கு வட்டம். அடுத்த கிளினிக்கில் என் மொழிபெயர்ப்புக்கு முன்னமே அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தார் டொக்டர். வட்டம் போட்ட நாட்களில் பெரும்பாலும் புள்ளியும் இருந்தது. இப்போது பெரியம்மா ரொட்டி ஒன்றைத் தின்றுவிட்டுத்தான் வாசற்படி இறங்குகிறார்.