ஆக்ஸிலரேட்டர் ஒட்டிக்கொண்டால்

நேயர்களுக்கு வணக்கம்.

"கால் பிரேக்கில்தான் இருந்தது. ஆனாலும் வண்டி பாய்ந்தது. பிரேக் பிடிக்கவேயில்லை." விபத்துக்குப் பிறகு ஓட்டுநர்கள் தரும் இந்த வாக்குமூலத்தைப் பல நாடுகளில் காவல் துறையினரும் பொறியாளர்களும் நீதிபதிகளும் கேட்டிருக்கிறார்கள். கேட்டவுடன் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆக்ஸிலரேட்டர் கெடலாம், பிரேக் கெடலாம். இரண்டும் ஒரே நொடியில் கெடுமா? பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்திருப்பார், அவ்வளவுதான் என்கிறார்கள். நிறைய விபத்துகளில் அது உண்மையும்கூட. எல்லாவற்றிலும் அல்ல. ஒரே கோளாறு ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள முடியும். அது எப்படி நடக்கிறது, அந்த நேரத்தில் கால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்த உரை. பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களும், வாங்கலாம் என்று எண்ணுபவர்களும் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்பரேட்டர் வைத்த வண்டிகளிலும், பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்த தொடக்க கால வண்டிகளிலும் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும் (பெடலுக்கும்) என்ஜினுக்கும் இடையே எந்தக் கம்ப்யூட்டரும் இல்லை. மிதியிலிருந்து ஓர் எஃகுக் கேபிள் புறப்பட்டு, ஓட்டுநருக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு போய், என்ஜினுக்குக் காற்று போகும் வாயில் இருக்கும் வட்டத் தகடு ஒன்றைத் திருப்புகிறது. தகடு திறந்தால் காற்றும் பெட்ரோலும் கூடுதலாக உள்ளே போகும், வேகம் கூடும். காலை எடுத்தால் ஒரு ஸ்பிரிங் தகட்டை இழுத்து மூடும். ஆகவே வேகத்தைக் கூட்டுவது உங்கள் கால். குறைப்பது அந்தச் சின்ன ஸ்பிரிங். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மோட்டார் பழுதுநீக்கம் கற்பிக்கும் ஆசிரியன். மாணவர்கள் கையில் முதலில் கொடுப்பது, பழைய மாருதி 800 ஒன்றிலிருந்து கழற்றிய ஆக்ஸிலரேட்டர் கேபிளை. பார்வைக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. உறையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கும் கம்பியை மெல்ல இழுக்கச் சொல்வேன். பாதி தூரம் வழுக்கிக்கொண்டு வரும், ஓரிடத்தில் நறநறவென்று தட்டும், பிறகு நின்றுவிடும். உறை முடியும் இடத்தில், பல இழைகளை முறுக்கிச் செய்த அந்தக் கம்பியின் ஒரே ஓர் இழை அறுந்து, தூண்டில் முள்போல் வளைந்து உறையின் விளிம்பில் மாட்டியிருக்கும். மிதிக்கும்போது கால் பலத்தில் அது உள்ளே போய்விடும். திரும்பி வருவதற்கு அந்த ஸ்பிரிங்கின் பலம் போதாது. காலை எடுத்த பிறகும் தகடு திறந்தபடியே நிற்கும். மெக்கானிக்குகள் "வண்டி ரேஸிலேயே நிற்கிறது" என்று சொல்வது இதைத்தான்.

கேபிள் மட்டும் காரணம் அல்ல. தகடு திரும்பும் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்து இறுகிவிடும். ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்துவிடும். வெகுநாள் நிறுத்தி வைத்த வண்டியில் எலி கடித்த ரப்பர் குழாய் வழியாகத் திருட்டுக் காற்று புகுந்தால், மிதியைத் தொடாமலே என்ஜின் உரக்க ஓடும். எல்லாவற்றையும்விட எளிய காரணம் காலுக்கடியிலேயே கிடக்கிறது: ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட ரப்பர் மேட். மேல் மேட் முன்னால் நகர்ந்து, அதன் விளிம்பு மிதியின்மேல் ஏறிக்கொள்கிறது. இருக்கைக்குக் கீழே உருண்டு வரும் தண்ணீர் பாட்டில் பிரேக் மிதிக்கு அடியில் போய்ச் சிக்கினால் விளைவு வேறு: பிரேக்கைக் கீழே அழுத்த முடியாது. கழற்றிப் போட்ட செருப்பையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் பிரேக்குக்கு வருகிறேன். கார்களில் பிரேக்கை அழுத்துவது உங்கள் கால் பலம் மட்டுமல்ல. பூஸ்டர் என்ற வட்டமான தகரப் பாத்திரம் ஒன்று உதவி செய்கிறது. இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சுவதுபோல என்ஜின் காற்றை உறிஞ்சுகிறது. தகடு மூடியிருக்கும்போது அந்த உறிஞ்சலால் தகட்டுக்குப் பின்னால் காற்றழுத்தம் வெகுவாகக் குறைகிறது. இந்த வெற்றிடத்தை ஒரு குழாய் வழியாகப் பூஸ்டருக்குக் கொண்டுவந்து, அதன் பலத்தால் உங்கள் கால் அழுத்தத்தைப் பல மடங்கு பெருக்குகிறார்கள். தகடு முழுதாகத் திறந்துகொண்டால் என்ன ஆகும்? தடையில்லாமல் காற்று பாய்கிறது, வெற்றிடம் போய்விடுகிறது. பூஸ்டருக்குள் ஒருவழி வால்வு தேக்கி வைத்திருக்கும் வெற்றிடம் ஓரிரண்டு அழுத்தலுக்குத்தான் வரும். அதை நிரப்பப் புதிய வெற்றிடம் வராது.

ஆக்ஸிலரேட்டர் ஒட்டிக்கொண்ட வண்டியில் பதறிப்போனவர் என்ன செய்கிறார்? பிரேக்கை அழுத்துகிறார், விடுகிறார், மறுபடி அழுத்துகிறார். ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் தேக்கி வைத்த வெற்றிடம் செலவாகிறது. மூன்றாவது முறை மிதி கல்லாக இறுகிவிடுகிறது. "பிரேக் பிடிக்கவில்லை" என்று பிறகு அவர் சொல்வது பொய் அல்ல. பிடிக்காமல் போனதற்குக் காரணம் ஆக்ஸிலரேட்டர்தான். விட்டுவிட்டு அழுத்துவது ஓட்டுநர்களுக்குக் கற்றுத்தரப்பட்ட பழக்கமும்கூட. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தானே பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் இல்லாத வண்டியில், மழை பெய்த சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று பயிற்சிப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்தார்கள். மழைச் சாலைக்குச் சரியான அந்தப் பழக்கம் இந்த ஆபத்தில் உயிருக்கே உலை வைக்கிறது.

இரண்டும் ஒரே கோளாறால் கெடும் என்பதற்கு வரலாற்றில் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. 1971ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1965 முதல் 1969 வரை தயாரித்த ஏறத்தாழ 67 லட்சம் செவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதுவரை அப்படிப்பட்ட பெரிய அழைப்பு நடந்ததில்லை. கோளாறு ஆக்ஸிலரேட்டரிலும் இல்லை, பிரேக்கிலும் இல்லை. என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கில் இருந்தது. ரப்பர் பிளந்தால், ஓட்டுநர் மிதிக்கும்போது என்ஜின் முறுக்கிக்கொண்டு மேலே எழும்பும். எழும்பும்போது ஆக்ஸிலரேட்டர் இணைப்பைத் தானே இழுத்து இன்னும் திறக்கும். பூஸ்டருக்குப் போகும் குழாயையும் பிடுங்கிவிடக்கூடும். நிறுவனம் கண்ட தீர்வு, என்ஜின் எழும்பாமல் கட்டிப் பிடிக்கும் ஓர் எஃகுக் கயிறு. ரப்பர் மவுண்டிங் கிழிந்த வண்டியை "அதிர்வு கொஞ்சம் இருக்கும், ஓடும்" என்று சொல்லி விற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாங்குபவர்கள் அந்தப் பேச்சை ஏற்கக் கூடாது.

அடுத்த வழக்கு இதற்கு மறுபக்கம். ஜெர்மனியின் ஆடி (Audi) நிறுவனம் 1980களில் அமெரிக்காவில் விற்ற ஆடி 5000 வண்டி, நிறுத்திய இடத்திலிருந்து கியரை மாற்றியவுடன் பாய்ந்து சுவரில் மோதுகிறது என்று புகார்கள் குவிந்தன. 1986 நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சி இதை நாடு முழுவதும் கொண்டுபோனது. மிதி தானாகக் கீழே இறங்குவதைக் காட்டினார்கள். ஆனால் அந்த வண்டியின் கியர்பெட்டியில் துளையிட்டு வெளியிலிருந்து அழுத்தத்தைச் செலுத்தித்தான் அப்படி இறங்க வைத்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. 1985இல் அமெரிக்காவில் 74,061 வண்டிகளை விற்ற ஆடி, 1991இல் 12,283 வண்டிகளைத்தான் விற்றது. அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 1989இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு: பெரும்பாலும் தவறான மிதியில்தான் கால் இருந்திருக்கிறது.

"ஆகவே ஓட்டுநர்தான் குற்றவாளி" என்று பலர் இதோடு முடித்துக்கொள்கிறார்கள். அதே ஆய்வைச் சற்று மேலே படிக்க வேண்டும். அந்த வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகத்தைச் சீராக்கும் கருவி கெட்டால், மிதிக்காமலே என்ஜின் ஒரு கணம் உறுமும். இரண்டு மிதிகளும் அமெரிக்க ஓட்டுநர்களுக்குப் பழக்கப்பட்ட இடைவெளியிலும் உயரத்திலும் இல்லை. உறுமலைக் கேட்டுத் திடுக்கிட்டவர் பிரேக்கைத் தேடிக் காலை வீசுகிறார். கால் பக்கத்து மிதியில் விழுகிறது. வண்டி பாய்கிறது, அவர் பிரேக் என்று நம்பி இன்னும் பலமாக அழுத்துகிறார். தொடக்கம் இயந்திரத்துடையது, தொடர்ச்சி காலுடையது. அந்தக் காலை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயம் அல்ல என்பது என் உறுதியான கருத்து. ஆடி நிறுவனமும் கடைசியில் வண்டியைத்தான் திருத்தியது: பிரேக்கை மிதிக்காமல் நிறுத்த நிலையிலிருந்து கியரை எடுக்கவே முடியாதபடி ஒரு பூட்டு வைத்தது. இன்று ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பரவலாக இருக்கும் அந்த ஏற்பாடு அங்கிருந்து பரவியதுதான்.

மூன்றாவது வழக்கு உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம். 2009 ஆகஸ்ட் 28 அன்று கலிபோர்னியாவில் சான் டியாகோ அருகே, விற்பனையகம் இரவலாகக் கொடுத்த, டொயோட்டா நிறுவனத்தின் லெக்சஸ் கார் ஒன்று கட்டுக்கடங்காத வேகத்தில் போய், அதில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி. பயிற்சி இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. வேறொரு பெரிய வண்டிக்கு உரிய கனத்த ரப்பர் மேட் உள்ளே கிடந்து மிதியைப் பிடித்துக்கொண்டது. பிரேக் எரிந்து தீய்ந்திருந்ததை விசாரணை செய்தவர்கள் கண்டார்கள். சில நாள்களுக்கு முன் அதே காரை இரவல் வாங்கிய இன்னொருவருக்கும் அதே மேட் அதே வேலையைச் செய்திருக்கிறது. அவர் பிரேக்கை அழுத்தி ஓரம் கட்டி, நியூட்ரலுக்கு மாற்றித் தப்பித்துவிட்டார். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்லவும் சொன்னார். அந்த மேட்டை அன்றே எடுத்து வெளியே போட்டிருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

டொயோட்டா வண்டிகளில் மின்னணுக் கோளாறு உண்டா என்று நாசா பொறியாளர்கள் ஆராய்ந்து, அப்படி ஒன்றுக்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2011இல் அறிக்கை தந்தார்கள். 2013இல் ஓக்லஹோமா நீதிமன்றத்தில் 2005ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரி கார் ஒன்றின் வழக்கில் மென்பொருளே குறைபாடுடையது என்று வல்லுநர் சாட்சியம் சொல்ல, நடுவர் குழு டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேட், ஒட்டிக்கொள்ளும் மிதி ஆகியவை பற்றி மக்களுக்கு உண்மையை மறைத்ததற்காக 2014இல் அந்நிறுவனம் 120 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

இந்தச் சர்ச்சை நடந்துகொண்டிருந்த நாள்களில் அமெரிக்க மோட்டார் இதழ் ஒன்று ஓர் எளிய சோதனை செய்தது. ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தபடி மணிக்கு 70 மைல், அதாவது ஏறத்தாழ 113 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கேம்ரியைப் பிரேக்கால் மட்டும் நிறுத்த முடியுமா? 190 அடியில் நின்றது. காலை எடுத்துவிட்டுப் பிடித்தால் 174 அடி. வித்தியாசம் 16 அடிதான். பிரேக் என்ஜினைவிடப் பலசாலி. நல்ல நிலையில் இருக்கும் பிரேக்கை முதல் அழுத்தலிலேயே முழுப் பலத்தோடு பிடித்து, நிற்கும்வரை விடாமல் இருந்தால் வண்டி நின்றுவிடும். அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே வெகுதூரம் போனால் அதே பிரேக் சூடேறித் தீய்ந்துவிடும்.

ஆகவே வண்டி உங்கள் பேச்சைக் கேட்காமல் ஓடத் தொடங்கினால், முதலில் பிரேக்கை ஒரே மிதியாக மிதியுங்கள், காலை எடுக்காதீர்கள். கிளட்ச் உள்ள வண்டியானால் இடது காலால் அதையும் கூடவே மிதித்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக்கானால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதும் அது பெரும்பாலும் தடையின்றிப் போகும். சக்கரத்திலிருந்து விடுபட்ட என்ஜின் காது கிழியக் கத்தும். கத்தட்டும். என்ஜினே போனாலும் மாற்றிக்கொள்ளலாம். வண்டி நின்ற பிறகு சாவியைத் திருப்பி அணையுங்கள். ஓடும்போதே அணைக்க வேண்டிய கட்டாயம் வந்தால் ஒரு நிலை மட்டும் திருப்புங்கள். முழுதும் திருப்பிச் சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பட்டன் வைத்த வண்டியில் தட்டினால் போதாது. சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். குனிந்து மேட்டை இழுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பழையதாகி, எண்ணெய் கசியாமல் காக்கும் அதன் சீல் தேய்ந்தால் என்ஜின் தன் எண்ணெயைத் தானே குடித்து ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது. வெண்புகை கக்கிக்கொண்டு வேகம் ஏறும். சாலையில் என்றால் முதலில் செய்ய வேண்டியது மேலே சொன்னதேதான். வண்டியை நிறுத்தி இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள்.

கடைசியாக, இன்று மாலையே வீட்டு வாசலில் செய்துபார்க்கக்கூடிய சோதனைகள். என்ஜினை அணைத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதித்துச் சட்டென்று காலை எடுங்கள். மிதி தயங்காமல் எழுந்து, முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். சோம்பலாக எழுந்தால் கேபிளை மாற்றுங்கள். எண்ணெய் விட்டுச் சமாளிக்க வேண்டாம், அறுந்த இழை எண்ணெய்க்குக் கட்டுப்படாது. பிறகு, என்ஜின் அணைந்தபடியே பிரேக்கைப் பல முறை அழுத்துங்கள். மிதி இறுகிவிடும். இறுகிய மிதியின்மேல் காலை வைத்துக்கொண்டே என்ஜினைக் கிளப்புங்கள். காலுக்கடியில் மிதி ஒரு விரற்கடையாவது கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பூஸ்டரோ, அதன் குழாயோ, ஒருவழி வால்வோ பழுது. அந்த வண்டியை நீங்கள் மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அவரை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள்.

வணக்கம்.