ஒரு கை தட்டினால் ஓசை வராது

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, எனக்கு ஆய்வு நெறியாளராக இருந்து இன்று இந்த அரங்குக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, பதிவாளர் அவர்களே, பிற துறைகளிலிருந்து வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கவிருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம். ஐயா முன்னிலையில் பேசக் கிடைத்ததைப் பெரும் பேறாக நினைக்கிறேன்.

மக்கள் தொடர்பு, விளம்பரம், தொடர்பியல் படிக்க வருகிறவர்களிடம் மூன்று செய்திகள் பேச வேண்டும்: தலைப்பு, நெறியாளர், களப்பணி. தலைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று பரபரப்பாக இருக்கும் செயலியை நம்பித் தலைப்பு எடுக்காதீர்கள். ஆய்வேடு பைண்டிங் ஆவதற்குள் அது பழசாகிவிடும். அமெரிக்க உளவியலாளர் வால்டர் டில் ஸ்காட் ஜெர்மனியின் லைப்சிக்கில் உளவியல் படித்து 1900-இல் முனைவர் ஆனவர். 1903-இல் விளம்பரக் கோட்பாடு பற்றி நூல் எழுதினார். மனித மனத்தில் விளம்பரம் என்ன செய்கிறது என்ற அவருடைய கேள்விக்கு இன்னும் வயதாகவில்லை.

சரி, களப்பணிக்கு வருகிறேன். ஒரு கை தட்டினால் ஓசை வராது. 1984-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் குரூனிக்கும் ஹன்ட்டும் மக்கள் தொடர்பை நான்கு மாதிரிகளாகப் பிரித்தார்கள். நான்காவதில், நிறுவனமும் மக்களும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டு, இரு தரப்புமே மாற வேண்டும். இதை ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் எல்லோரும் எழுதுகிறோம். களத்தில் என்ன செய்கிறோம்?

நான் செய்ததைச் சொல்கிறேன். தடுப்பூசி விளம்பரம் பற்றிய என் வினாப்படிவத்தில் 62 கேள்விகள். ஒரு வயதான அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முக்கால் மணி நேரம் நிரப்பினார். “இதுல என்ன வந்துச்சுன்னு வந்து சொல்லுவியா தம்பி?” என்றார். “கண்டிப்பாம்மா” என்றேன். போகவில்லை. பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது அந்தப் படிவம் கைக்கு வந்தது. 17-ஆம் கேள்வி, ‘விளம்பரம் எந்த அளவுக்குப் புரிந்தது?’ ஐந்து கட்டங்களையும் அடித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: “புரிந்தது. நம்பவில்லை.” பக்கத்தில் சிவப்பு மையில் என் கையெழுத்து: 9. ‘பதில் இல்லை’ என்பதற்கு நான் வைத்திருந்த குறியீட்டு எண் அது. என் ஆய்வுக்கே தேவையாக இருந்த பதிலை நானே அழித்திருக்கிறேன். அன்று இரவு தூங்கவில்லை.

அதனால்தான் போகிற மேடையெல்லாம் ஒன்றையே கேட்கிறேன். ஆய்வேட்டை ஒப்படைக்கும்போது, முடிவுகளை எளிய நடையில் இரண்டே பக்கத்தில் எழுதி, பதில் சொன்னவர்கள் கையில் சேர்த்ததற்கான சான்றையும் இணைக்க வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு அவர்களில் இருவரையாவது அழைக்க வேண்டும். நூலக அலமாரியில் நிற்கும் ஆய்வேடு ஒரு கை. அது தட்டினால் ஓசை வராது. துணைவேந்தர் அவர்களே, இதை விதியாக்கும் தீர்மானத்தை அடுத்த கல்விக்குழுவில் வைக்கப் பணிவோடு வேண்டுகிறேன். வரைவை எழுதி எடுத்து வந்திருக்கிறேன்.

நெறியாளரைப் பற்றிப் பேச நேரமில்லை. ஐயா பொறுத்தருள வேண்டும். தம்பி தங்கைகளே, வரைவின் படிகள் வாசல் மேசையில் இருக்கின்றன. படித்துவிட்டு உங்கள் கருத்தை ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொன்றையும் நானே படித்துப் பதில் எழுதுகிறேன்.