லால்குடியின் வில்

நேயர்களுக்கு வணக்கம். கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் அமரும் வயலின் கலைஞரைப் 'பக்கவாத்தியம்' என்ற ஒரு சொல்லோடு நாம் கடந்துவிடுவது வழக்கம். அந்த இருக்கையில் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் பிறர் பாட்டை உற்றுக் கேட்டே தமக்கென ஒரு பாணியை உருவாக்கிக்கொண்ட லால்குடி ஜி. ஜெயராமனைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

திருச்சிக்கு அருகிலுள்ள லால்குடிக்கு இசை வரலாற்றில் ஓர் இடம் முன்பே உண்டு. தியாகராஜ சுவாமிகள் அவ்வூருக்கு வந்து, சப்தரிஷீசுவரர் மீதும் அம்மன் பெருந்திருப்பிராட்டியார் மீதும் பாடிய ஐந்து கீர்த்தனைகள் 'லால்குடி பஞ்சரத்தினம்' என்று வழங்குகின்றன. சுவாமிகளின் சீடராக விளங்கிய லால்குடி ராமய்யரின் வழிவந்த குடும்பத்தில், 1930 செப்டம்பர் 17 அன்று ஜெயராமன் பிறந்தார். தந்தை வி. ஆர். கோபாலய்யரே குரு, கண்டிப்பான குரு. பன்னிரண்டு வயதில் சிறுவன் மேடையேறிவிட்டான்.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், செம்பை வைத்தியநாத பாகவதர், மதுரை மணி ஐயர், ஜி. என். பாலசுப்பிரமணியம், ஆலத்தூர் சகோதரர்கள் என்று அவர் வாசித்த பாடகர்களின் வரிசையைச் சொல்லும்போது, அது வெறும் பெயர்ப்பட்டியல் அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அரியக்குடியின் மத்திமகால நடை, அதாவது நடுத்தர வேக நடை, ஒரு வகை; ஜி.என்.பி.யின் மின்னல் வேகப் பிருகாக்கள், அதாவது குரலில் உருண்டோடும் சுரக்கோவைகள், இன்னொரு வகை. மதுரை மணி ஐயர் சர்வலகுவில், அதாவது தாளத்தோடு இயல்பாக ஒழுகும் நடையில், சரளமாக ஓடவிடும் கற்பனாசுரங்களோ (மேடையிலேயே கற்பனையாகப் பாடும் சுரங்களோ) முற்றிலும் வேறு. இன்று ஒருவருக்கு, நாளை மற்றொருவருக்கு என்று வாசிப்பவர், ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையில் பாடகரின் குரலைக் கண நேரம் பின்தங்கி நிழல்போலத் தொடர வேண்டும்; தம் முறை வரும்போது அவர் விட்ட இடத்திலிருந்து, அவர் போட்ட பாதையைக் குலைக்காமல், தாமாகவும் ஏதேனும் சொல்ல வேண்டும். இதில் எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருப்பதுதான் கடினம் என்பது என் எண்ணம்.

இந்தப் பழக்கம் அவர் வில்லில் என்ன செய்தது? இதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். வயலினில் ஒலி பிறப்பது வில்லால். அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்ப வேண்டும். திரும்பும் இடத்தில், எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும், ஓர் அசைவு கேட்கும். சுரத்தை மட்டுமே எண்ணி வாசிப்பவர் வில் தீர்ந்த இடத்தில் திருப்புவார். சாகித்தியத்தை, அதாவது பாட்டின் சொற்களை, மனத்துக்குள் பாடிக்கொண்டே வாசிப்பவர் சொல் முடியும் இடத்தில் திருப்புவார். சாருகேசி ராகத்தில் ஜெயராமன் இயற்றிய புகழ்பெற்ற பதவர்ணம் (நாட்டியத்துக்கும் ஏற்ற ஒரு பாடல் வகை) 'இன்னும் என் மனம்' என்று தொடங்குகிறது. 'மனம்' என்ற சொல்லுக்கு நடுவே வில் திரும்பினால் 'ம' தனியே, 'னம்' தனியே என்று பாட்டு உடைந்துபோகும். அவர் வாசிப்பில் அப்படி உடைவதில்லை. வல்லினத்தில் ஓர் அழுத்தம், நெடிலில் ஒரு நீட்சி, மூச்சுவிடும் இடத்தில் ஒரு சிறு இடைவெளி எல்லாம் கேட்கும். பாட்டை அறிந்தவர்களின் காதில் சொற்களே வந்து விழும்.

1965இல் எடின்பரோ விழாவில் அவர் வாசிப்பைக் கேட்ட மேற்கத்திய இசையின் வயலின் மேதை யெகூதி மெனுகின் தம் இத்தாலிய வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். ஒருவர் நின்றபடி தோளில் ஏந்தி வாசிப்பவர். மற்றவர் சம்மணமிட்டு அமர்ந்து, மார்புக்கும் வலது பாதத்துக்கும் இடையே வயலினை நிறுத்தி வாசிப்பவர். கருவி ஒன்றுதான்!

அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய வயலின்–வேணு–வீணைக் கச்சேரிகளில் புல்லாங்குழலுக்கு என். ரமணியும் வீணைக்கு ஆர். வெங்கட்ராமனும் அமைந்தனர். வில்லால் நீளும் ஒலி, மூச்சால் வளரும் ஒலி, மீட்டியதும் தேயத் தொடங்கும் ஒலி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அமுக்காமல் சேர்வது எளிதன்று. பக்கவாத்தியக்காரராகப் பழகிய காது இங்கே கைகொடுத்திருக்க வேண்டும்.

வானொலிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. புதுதில்லி வானொலி நிலையம் பதிவுசெய்த அவருடைய வாசிப்பு, 1979இல் பாக்தாதில் சர்வதேச இசை மன்றத்தின் சார்பில் நடந்த தேர்வில் முதலிடம் பெற்றது. 1972இல் பத்மஸ்ரீ, 2001இல் பத்மபூஷண், 'சிருங்காரம்' திரைப்பட இசைக்குத் தேசிய விருது என்று கௌரவங்கள் பல வந்தன. நாட்டிய மேடைகளிலோ தாளச் சொற்களால் அமைந்த அவருடைய தில்லானாக்கள் அவர் பெயரை நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. மோகனகல்யாணித் தில்லானாவுக்கு ஆடாத பரதநாட்டிய மாணவி அரிது.

2013 ஏப்ரல் 22 அன்று சென்னையில் அவர் காலமானார். மகன் ஜி.ஜெ.ஆர். கிருஷ்ணனும் மகள் விஜயலட்சுமியும் வயலினைத் தொடர்கிறார்கள். ஆனால் அவரிடம் பயின்றவர்களில் பம்பாய் ஜெயஸ்ரீ, சாகேதராமன், விசாகா ஹரி போன்றோர் பாடகர்கள். வயலின் வித்துவானிடம் வாய்ப்பாட்டுக் கற்க வந்தவர்கள் இவர்கள். அவர்களுள் ஜெயஸ்ரீ 2023இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். நன்றி, வணக்கம்.