பதினான்கு வெற்றியும் ஒரு வெளியூர்ப் பயணமும்

நேயர்களுக்கு வணக்கம். நம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளையோ பேரனோ அமெரிக்காவில் இருக்கிற வீடுகள் நிறைய. சனவரியில் போன் வந்தால் குளிருக்கு அடுத்த பேச்சு ஃபுட்பால்தான். நாம் உதைக்கிற பந்து இல்லை. கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற முட்டை வடிவப் பந்து. அந்த ஆட்டத்தில் ஒரு விதி எனக்கு நியாயமாகப் படவில்லை.

என்.எஃப்.எல். லீக்கில் 32 அணிகள், நான்கு நான்காக எட்டுப் பிரிவுகள். பிரிவில் முதலிடம் பிடித்த அணிக்குப் பிளே-ஆஃப், அதாவது சாம்பியனை முடிவு செய்யும் நாக்-அவுட் சுற்று, உறுதி. சரி, அது உழைத்த கூலி. ஆனால் அந்த அணி தன் முதல் ஆட்டத்தைச் சொந்த ஊரிலேயே ஆடும். எதிரணி அதைவிட நாலைந்து ஆட்டம் கூடுதலாக வென்றிருந்தாலும் பெட்டி கட்டிக்கொண்டு வரவேண்டியதுதான்.

2010 சீசனில் சியாட்டில் 16 ஆட்டத்தில் 7தான் வென்றது. பிரிவே சோடை, அதில் அதுதான் முதல். 11 வென்ற நியூ ஆர்லியன்ஸ், அதுவும் முந்தைய சீசன் சாம்பியன், அங்கே போய் 41-36 என்று தோற்றது. மார்ஷான் லிஞ்ச் 67 யார்டு ஓடிப் பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்த்து டச்டவுன் எடுத்தபோது கூட்டம் குதித்த குதி, பக்கத்திலிருந்த நில அதிர்வுக் கருவியில் பதிவானது.

அந்தச் சத்தம் வெறும் உற்சாகம் இல்லை, நேயர்களே. தாக்குதலை நடத்துகிற குவார்ட்டர்பேக் குரல் கொடுத்துத்தான் ஆட்டம் கிளம்பும். வெளியூரில் அந்தக் குரல் காதில் விழாது. முன்வரிசைக்காரர் பந்து அசைகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துத்தான் எழவேண்டும். எதிராளி அதற்குள் பாய்ந்திருப்பார். அவசரப்பட்டு முன்னாடியே அசைந்தால் 5 யார்டு அபராதம். கொரோனாவால் மைதானங்கள் பெரும்பாலும் காலியாகக் கிடந்த 2020 சீசனில், உள்ளூர் அணிகள் 127 வென்று 128 தோற்றன; கூட்டம் இல்லை, சொந்த ஊர் லாபமும் இல்லை.

பிரிவுப் பட்டத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்பார்கள். வேண்டும். நம் மஞ்சுவிரட்டில் கோயில் காளையைத்தான் முதலில் அவிழ்க்கிறோம், யாரும் தொடுவதில்லை. அதற்காக நின்று விளையாடிய காளைக்குரிய அண்டாவைத் தூக்கிக் கோயில் காளைக்கே கொடுத்துவிடுகிறோமா?

2024 சீசனில் மினசோட்டாவும் டெட்ராய்ட்டும் ஒரே பிரிவு. கடைசி ஆட்டத்துக்கு வரும்போது இரண்டுக்கும் 14 வெற்றி. அதில் வென்ற டெட்ராய்ட்டுக்குப் பிளே-ஆஃப் வரிசையில் முதலிடம், ஒரு வார ஓய்வு. தோற்ற மினசோட்டாவுக்கு, லீக்கில் தன் பாதியின் நான்கு பிரிவு முதல்வர்களுக்கும் பின்னால், ஐந்தாம் இடம்; 10 வென்று தன் பிரிவில் முதலாக வந்த லாஸ் ஏஞ்சலிஸ் அணியிடம் வெளியூர் ஆட்டம். காட்டுத்தீயால் அந்த ஆட்டமே அரிசோனாவுக்கு மாறியது. மினசோட்டா 27-9 என்று மண்ணைக் கவ்வியது. அந்தத் தோல்விக்கு மைதானத்தைக் குறை சொல்ல நான் வரமாட்டேன். ஆனால் கணக்கு எப்படி இருக்கிறது பாருங்கள்: ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றதற்கு நான்கு இடம் சறுக்கல்.

வேடிக்கை என்னவென்றால், இதை மாற்றக் கேட்டது லாபம் பார்த்த டெட்ராய்ட்தான். பிரிவில் வென்றவர்களுக்குப் பிளே-ஆஃப் இடம் இருக்கட்டும், வரிசையை வெற்றிக் கணக்குப்படி போடுங்கள் என்றது. 32 முதலாளிகளில் 24 பேர் ஒப்பவேண்டும். 2025 மே மாதம் டெட்ராய்ட் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நாளைக்கு நம் அணியே 8 வென்று பிரிவில் முதலாக வந்தால், உள்ளூர் டிக்கெட் காசு போய்விடுமே என்ற நினைப்பு முதலாளிகளுக்கு இல்லாமலா இருக்கும்?

டெட்ராய்ட் மறுபடி கேட்டால் என் ஓட்டு அதற்குத்தான். என்னிடம் கேட்கத்தான் ஆளில்லை. வணக்கம்.