கரை உடைப்பெடுத்த பாட்டு

நண்பர்களே, வணக்கம். இன்று ஒரே ஒரு பாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ‘வென் தி லெவி பிரேக்ஸ்’. ஆற்றுக்கரை உடையும்போது என்று பொருள். உங்களில் பலருக்கு இது லெட் செப்பலின் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பாட்டு. அந்த டிரம்ஸ் அடியைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். மூலப் பாட்டைப் பல வருடம் கழித்தே கேட்டேன். முதல் முறை கேட்டபோது எனக்கு ஏமாற்றம். இரண்டு கிதார், ஒரு குரல், அவ்வளவுதான். வெள்ளத்தைப் பற்றிய பாட்டில் வெள்ளம் எங்கே என்று தேடினேன்.

அது 1929 ஜூன் 18 அன்று நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவானது. கன்சஸ் ஜோ மெக்காய், மெம்பிஸ் மின்னி என்ற கறுப்பினத் தம்பதி. பாடுபவர் ஜோ. மேலே துள்ளி ஓடும் கிதார் மின்னியுடையது. அந்த விரல்களைத் தனியாகக் கவனியுங்கள், அப்படி ஒரு தெளிவு! சோகப் பாட்டுக்கு இவ்வளவு சுறுசுறுப்பான வாசிப்பா என்று தோன்றும். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்ததைத் தெரிந்துகொண்டு கேட்டால் காதில் வேறு மாதிரி விழும்.

1927 ஏப்ரல் 21. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வில் நகருக்கு வடக்கே, மவுண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் மிசிசிப்பி ஆற்றின் கரை உடைப்பெடுத்தது. அந்த ஆண்டு வெள்ளத்தில் மூழ்கிய நிலம் மொத்தம் சுமார் 70,000 சதுர கிலோமீட்டர். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். கரை உடைவதற்கு முன்னால் மணல் மூட்டை சுமந்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். துப்பாக்கி முனையில் சுமக்க வைக்கப்பட்டார்கள். உடைந்த பிறகு கிரீன்விலில் அதே கரைமேல் முகாம் போட்டு, காவல் வைத்து நிறுத்தினார்கள். நீராவிப் படகு வந்தது. ஏறிப் போனவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். கறுப்பினத்தவரை அனுப்பினால் பருத்திக் காட்டு வேலைக்குத் திரும்பி வரமாட்டார்கள் என்று பண்ணையார்கள் பயந்தார்கள்.

இப்போது ஜோ பாடும் ஒரு வரிக்கு வாருங்கள். இரவும் பகலும் கரையில் உழைத்தேன், தண்ணீரைத் தடுத்து நிறுத்த எனக்கென்று ஒருவரும் இல்லை என்கிறார். குரலை உயர்த்தவே இல்லை. புளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசை முறைப்படி முதல் அடியை இரண்டு தடவை பாடி, மூன்றாம் அடியில் முடிக்கிறார். அந்த இரண்டாம் தடவையில்தான் எனக்குத் தொண்டை அடைக்கும். சொன்னதையே திரும்பச் சொல்கிறவன், கேட்க ஆளில்லாமல் சொல்கிறான்.

அடுத்து 1971. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீடு. ஒரு காலத்தில் ஏழைகள் விடுதியாக இருந்தது. அங்கே மாடிப்படிக்குக் கீழே லெட் செப்பலின் குழுவின் ஜான் போனம் டிரம்ஸ் வாசிக்க, மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்தக் கூடமே ஒரு வாத்தியமாகிவிட்டது. பிறகு டேப்பின் வேகத்தைக் குறைத்தார்கள், ஒலி இன்னும் கனத்தது. 12 தாளச் சுற்றில் நடக்கும் புளூஸ் வடிவம் கரைந்து, ஒரே சுருதியில் சுழலும் ஏழு நிமிடப் பெருக்காக மாறியது. ஹார்மோனிகாவின் எதிரொலியைப் பின்னோக்கி ஓடவிட்டார்கள். 1929 பதிவில் நான் தேடிக் கிடைக்காத வெள்ளம் இங்கே இருக்கிறது, சொல்லில் அல்ல, ஒலியில். ஒரு பாட்டை மறுபடி பாடுகிறவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இது என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றைத் தொலைத்தார்கள். இரவும் பகலும் கரையில் உழைத்தேன் என்ற அந்த வரி இங்கே இல்லை. அது போனதும் வெள்ளம் இயற்கையின் சீற்றம் மட்டுமாகிவிடுகிறது; சுமந்தவன் காணாமல் போகிறான். இதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பதிலுக்கு சிகாகோ போகிறேன் என்று ஒரு முடிவைச் சேர்த்தார்கள். அது அழகான சேர்க்கை. வெள்ளம் வந்த அந்தக் காலத்தில் தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பினத்தவர் வடக்கே போனார்கள். ஜோவும் மின்னியும்கூட சிகாகோவில்தான் குடியேறினார்கள்.

லெட் செப்பலினின் அந்த இசைத்தட்டில் பாட்டை எழுதியவர்கள் வரிசையில் குழுவினர் நால்வரோடு மின்னியின் பெயரும் இருக்கிறது. பக்கவாதம் தாக்கி மெம்பிஸ் நகரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவர் அப்போது உயிரோடு இருந்தார், 1973இல் இறந்தார். 1996இல்தான் பானி ரேட் என்ற பாடகி பணம் கொடுக்க, அவர் கல்லறைக்கு ஒரு கல் வைத்தார்கள். 1950இலேயே இறந்துபோன ஜோவின் பெயர் அந்த வரிசையில் இல்லை. முதல் குரலே அவருடையதுதானே!

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1986இல் பீஸ்டி பாய்ஸ் குழு சொற்களை விட்டுவிட்டு, போனமின் டிரம்ஸை மட்டும் வெட்டியெடுத்து அதன்மேல் ராப் பாடியது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் கரைகள் கத்ரீனா புயலில் உடைந்தது 2005இல். மறு வருடம் பாப் டிலன் பழைய முதல் அடியை எடுத்துத் தன் வரிகளைக் கோத்து வேறொரு பாட்டாகப் பாடினார்.

இரண்டு பதிவையும் கொண்டு வந்திருக்கிறேன். முதலில் 1929. பதிவு பழசு, கீறல் சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரவும் பகலும் என்ற அந்த வரி வரும்போது கையைத் தூக்கிக் காட்டுகிறேன்.