விருந்தாளிக்கும் பாட்டில் ஒரு வேலை வேண்டும்

வணக்கம் நேயர்களே. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ராப் எழுதுகிற தம்பி தங்கைமாருக்காகத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன், அதிலும் நாலைந்து பேர் சேர்ந்து கூட்டாக ஒரு அல்பம் போடுவோம், வெளியிலிருந்தும் ஆட்களைக் கூப்பிடுவோம் என்று நினைக்கிறவர்களுக்காக.

அமெரிக்காவில் ஸ்லாட்டர்ஹவுஸ் என்று ஒரு குழு இருந்தது. ஜெர்சி சிட்டியின் ஜோ பட்டன், புரூக்ளினின் ஜோயல் ஓர்டிஸ், டெட்ராய்ட்டின் ராய்ஸ், லோங் பீச்சின் க்ரூக்ட் ஐ. நாலு பேரும் தனித்தனியே பெயர் எடுத்தவர்கள். 2008இல் ஜோ பட்டனின் அல்பத்தில் ஒரு பாட்டுக்காக ஒன்றுசேர்ந்தார்கள், அது நன்றாகப் பிடித்துப்போக அப்படியே குழுவாகி, 2009 ஆகஸ்டில் குழுவின் பெயரிலேயே முதல் அல்பத்தைப் போட்டார்கள். அதைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் முடித்த இடத்தில் அடுத்தவர் பாய்ந்து பிடிப்பார், முன்னால் பாடியவனை விட ஒரு படி மேலே போகவேண்டும் என்கிற வெறி குரலிலேயே தெரியும்.

இரண்டாவது அல்பம் 2012 ஆகஸ்ட் 28இல் வந்தது. ராப் பாடகர் எமினெம்மின் ஷேடி ரெக்கோர்ட்ஸ் நிறுவனத்தின் வெளியீடு, அவரே தலைமைத் தயாரிப்பாளர். அவரும் பாடினார், ஸ்கைலார் கிரே, பஸ்டா ரைம்ஸ், சீ லோ கிரீன், ஸ்விஸ் பீட்ஸ் என்று பெரிய பெரிய விருந்தினர்களும் வந்தார்கள். அமெரிக்காவின் பில்போர்ட் அல்பப் பட்டியலில் நேராக 2ஆம் இடம். ஆனால் எனக்கு முதல் அல்பம்தான் பெரிது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு வெர்ஸ், அதாவது ஒருவர் தொடர்ந்து ராப் சொல்கிற பகுதி, வழக்கமாக 16 பார். ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 4 அடி, ஆக 64 அடி. நிமிடத்துக்கு 90 அடி ஓடுகிற பீட்டில் அது 43 செக்கன் அளவில் முடிந்துவிடும். நாலு பேரும் ஆளுக்கு ஒரு வெர்ஸ் பாடினாலே கிட்டத்தட்ட 3 நிமிடம் போய்விட்டது, திரும்பத் திரும்ப வருகிற பல்லவி இருக்கிறதே, அந்த ஹூக் இன்னும் வரவேயில்லை! அதற்கு மேல் ஒரு பாடகியின் ஹூக்கை மூன்று தரம் போட்டு, ஒரு விருந்தாளிக்கும் இடம் கொடுத்தால் யாருடைய நேரத்தை வெட்டுவது? வீட்டுக்காரருடைய நேரத்தைத்தான். இரண்டாவது அல்பத்தில் பல இடங்களில் அந்த நெரிசல் எனக்குக் கேட்கிறது. நல்ல குரல்கள்தான், ஆனால் அந்த நாலு பேரின் மோதலைக் கேட்க வந்தவனுக்கு நடுவில் வேறு யாரோ நின்று மறைக்கிற மாதிரி இருக்கும்.

நம்முடைய கூத்தில் இந்தக் கணக்கு அழகாகத் தீர்ந்திருக்கிறது. களரியில், அதாவது கூத்து ஆடுகிற மேடையில், கட்டியகாரன் வருவான், அரசன் வருவான், ஒவ்வொருவருக்கும் தன் வரவு உண்டு, அந்தப் பாத்திரத்துக்கேற்ற தாளக்கட்டு உண்டு, கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரின் மத்தளம் அதற்குத் தகுந்தபடி மாறும். எத்தனை பேர் வந்தாலும் வந்தவர் எதற்கு வந்தார் என்று பார்ப்பவனுக்குத் தெரியும். வடமோடிக் கூத்தின் ஆட்டம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால், பார்வையாளர் எண்ணிக்கைக்காக ஒரு பிரபலத்தைப் பிடித்து 8 பார் கேட்டு வாங்காதீர்கள். நீங்கள் நாலு பேரும் செய்ய முடியாத ஒன்றைச் செய்கிறவரைக் கூப்பிடுங்கள். அக்கரைப்பற்றுப் பக்கம் நாட்டார் கவி சொல்கிற ஒரு உம்மா இருப்பார், ஊரில் மத்தளம் அடிக்கிற ஒரு அண்ணாவியார் இருப்பார், அவர்கள் வந்தால் பாட்டின் போக்கே மாறும்.

ஆனால் ஒன்று, அந்த உம்மாவிடம் பீட்டைப் போட்டுக் காட்டி இதற்குள் பாடுங்கள் என்று சொல்லாதீர்கள். கவி அப்படி அடி எண்ணிக்கொண்டு போகாது, ஒரு சொல்லை இழுப்பார், இன்னொரு இடத்தில் நின்று மூச்செடுப்பார். முதலில் அவரை அவர் பாட்டுக்குப் பாடவிட்டுப் பதிவு செய்யுங்கள். அப்புறம் அந்த இழுவையைக் கேட்டுக் கேட்டுப் பீட்டை அதைச் சுற்றிக் கட்டுங்கள். சரி, வேலை கூடத்தான் செய்யும், செய்யுங்கள். பாட்டின் தலைப்பிலேயே அவருடைய பெயரையும் போடுங்கள், கையில் காசும் கொடுங்கள். நன்றி, வணக்கம்.