217-ஆம் அறைக்காரன்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

1952-ஆம் வருடம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஹைபீரியன் என்று ஒரு பெரிய ஹோட்டல். அங்கே வேலை பார்க்கும் ஒரு பையன் கையில் பில்லோடு 217-ஆம் அறைக்கு முன்னால் நிற்கிறான். அறைக்காரரிடம் வாடகை பில்லைக் கொடுத்துவிட்டு வா என்று மேனேஜர் அனுப்பியிருக்கிறார். அவ்வளவுதான் வேலை. ஆனால் கதவைத் தட்ட அவனுக்குக் கை வரவில்லை. உள்ளே இருப்பவர் யாரோடும் பேசுவதில்லை, சிரிப்பதில்லை. ஏன் பயப்படுகிறோம் என்று அவனுக்கே சொல்லத் தெரியாது. ஆனாலும் வயிற்றைக் கலக்குகிறது.

ஒரு விதத்தில் அந்தப் பையனின் பயம் நியாயமானதுதான். உள்ளே இருப்பது மனிதன் இல்லை, ரத்தக்காட்டேரி. ஆனால் நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் அந்தத் தொலைக்காட்சித் தொடர் அத்தியாயம் முடியும்போது, அந்த ஹோட்டலில் நாம் பயப்பட வேண்டியது யாருக்கு என்ற கேள்வியே மாறிப்போயிருக்கும். இன்றைக்கு உங்களோடு பேச நினைத்தது அதைப் பற்றித்தான்.

தொடரின் பெயர் 'ஏஞ்சல்'. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1999 முதல் 2004 வரை ஐந்து பருவங்கள், 110 அத்தியாயங்கள் வந்தது. கதாநாயகன் பெயரும் ஏஞ்சல்தான். டேவிட் போரியனாஸ் நடித்தார். அயர்லாந்தின் கால்வே ஊரில் பிறந்து, குடியும் கூத்துமாகத் திரிந்த இளைஞனை 1753-இல் ஒரு பெண் ரத்தக்காட்டேரி கடித்துத் தன் இனமாக்கிவிடுகிறாள். அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டு அவன் செய்யாத கொலை இல்லை. 1898-இல் ரோமா என்ற நாடோடி இன மக்களின் பெண் ஒருத்தியைக் கொன்றபோது, அந்த மக்கள் அவனுக்கு ஒரு சாபம் கொடுத்தார்கள். சாவு என்று சாபம் கொடுக்கவில்லை. ரத்தக்காட்டேரி ஆனபோது பறிபோன ஆத்மாவை அவனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இனி அவன் தான் செய்ததையெல்லாம் நினைத்து நினைத்து வேகவேண்டும். இதைவிடக் கடுமையான சாபம் எனக்குத் தெரிந்து எந்தக் கதையிலும் இல்லை. அந்த வேதனையோடுதான் அவன் லாஸ் ஏஞ்சலஸ் வந்து, துப்பறியும் அலுவலகம் வைத்து, யாருமில்லாதவர்களுக்கு உதவி செய்கிறான்.

நான் சொல்லும் அத்தியாயம் இரண்டாம் பருவத்தில் இரண்டாவது. 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 3 அன்று ஒளிபரப்பானது. எழுதியவர் டிம் மினியர், இயக்கியவர் டேவிட் செமல். பாழடைந்து கிடக்கும் ஹைபீரியன் ஹோட்டலைப் பற்றித் தேடிப் பார்க்கும்படி ஏஞ்சல் தன்னோடு வேலை செய்யும் வெஸ்லியிடமும் கார்டீலியாவிடமும் சொல்கிறான். காரணம் சொல்லவில்லை. அவர்கள் பழைய காகிதங்களைப் புரட்டப் புரட்ட, கதை 1952-க்கும் 2000-க்கும் மாறி மாறிப் போகிறது.

அந்த அத்தியாயத்துக்கு வைத்த தலைப்பைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். 'இப்போது இருக்கிறீர்களா, எப்போதாவது இருந்திருக்கிறீர்களா' என்பது அதன் பொருள். அந்தக் காலத்து அமெரிக்கர்களுக்கு இந்தப் பாதிக் கேள்வியே போதும், மீதி தானாக நினைவுக்கு வந்துவிடும். 'கம்யூனிஸ்ட் கட்சியில் நீங்கள் இப்போது உறுப்பினராக இருக்கிறீர்களா, எப்போதாவது இருந்திருக்கிறீர்களா?' அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அமைத்த ஒரு விசாரணைக் குழு, ஆட்களை வரவழைத்து உட்காரவைத்துக் கேட்ட கேள்வி இது. பலர் இதை, கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பெயர்போன செனட்டர் மெக்கார்த்தியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அவர் இருந்தது செனட் சபையில். இந்தக் குழு வேறு, அவருக்கு முன்னாலேயே தொடங்கியது. 1947-இல் ஹாலிவுட்காரர்கள் பத்துப் பேர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தார்கள். பத்துப் பேரும் சிறைக்குப் போனார்கள். அதன் பிறகு ஸ்டூடியோக்கள் சந்தேகப்பட்டவர்களுக்கெல்லாம் கதவைச் சாத்தின. டால்டன் டிரம்போ என்ற திரைக்கதை ஆசிரியர் பல வருடம் அடுத்தவர் பெயரிலும் பொய்ப் பெயரிலும் எழுதிப் பிழைத்தார். 1960-இல்தான் அவருடைய சொந்தப் பெயர் மறுபடி திரையில் வந்தது.

ஹைபீரியன் ஹோட்டலின் கீழ்த்தளத்துத் தொலைக்காட்சியில் அந்த விசாரணைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே தங்கியிருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒளித்துவைத்த ஏதோ ஒன்று இருக்கிறது. வேலை போன திரைக்கதை எழுத்தாளர் ஒருவர். ஆண்களை விரும்புவது வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்று மறைத்து வாழும் நடிகர் ஒருவர். எல்லோரும் அடுத்தவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு சின்னக் காட்சி. ஒரு கறுப்பினக் குடும்பம் அறை கேட்டு வருகிறது. காலி இல்லை என்று மேனேஜர் சொல்லிவிடுகிறார். குரலை உயர்த்தவில்லை, கெட்ட வார்த்தை இல்லை. அவர்கள் திரும்பிப் போகிறார்கள். அமெரிக்கா முழுவதற்குமாக இப்படிச் செய்வது குற்றம் என்று சட்டம் வந்தது 1964-இல். அதற்கு இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது.

இந்தக் காட்சியை நான் ஏன் பிடித்துக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். இந்த ஹோட்டலில் ஒரு பிசாசும் இருக்கிறது. தெசுலாக் என்று அதற்குப் பெயர். கண்ணில் படாமல் மனிதர்கள் காதில் கிசுகிசுக்கும். அவர்களுக்குள் ஏற்கெனவே இருக்கும் பயத்தை ஊதிப் பெரிதாக்கி, அதையே தின்று வளரும். அப்படியென்றால் எல்லாம் பிசாசின் வேலை, மனிதர்கள் மேல் தப்பில்லை என்று கை கழுவிவிடலாமே என்று தோன்றும். அதற்குப் பதில்தான் அந்த மேனேஜர். அவருக்கு அந்தக் குடும்பத்தைத் திருப்பி அனுப்ப எந்தப் பிசாசும் காதில் வந்து ஓத வேண்டியிருக்கவில்லை. அது அவருடைய தினசரி வேலை.

சரி, கதைக்கு வருகிறேன். ஏஞ்சலின் பக்கத்து அறையில் ஒரு விற்பனைப் பிரதிநிதி பாட்டுப் போட்டுவிட்டுத் தன்னையே சுட்டுக்கொள்கிறார். அந்தச் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் ஏஞ்சலுக்குக் கேட்கிறது. அவன் போய்ப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு உதவும் ஏஞ்சல் இன்னும் பிறக்கவில்லை. ஆத்மா இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அறையைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறான். மேனேஜர் போலீஸைக் கூப்பிடாமல், ஹோட்டலின் பெயர் கெட்டுவிடும் என்று உடலைச் சமையற்கட்டுக் குளிர் அறையில் மறைத்துவைக்கிறார். தற்கொலை கொலையாகிவிடுகிறது. இங்கே நம்மில் ஒரு கொலைகாரன் இருக்கிறான் என்று பேச்சு கிளம்பிவிடுகிறது.

இந்த நேரத்தில்தான் ஜூடி என்ற பெண் ஏஞ்சலின் அறையில் வந்து ஒளிகிறாள். தன்னைத் துரத்துபவன் பழைய காதலன் என்று முதலில் பொய் சொல்கிறாள். பிறகு உண்மையைச் சொல்கிறாள். கான்சஸ் மாநிலத்தில் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். அவள் உடம்பில் ஓடுவதில் கறுப்பினத்தவர் ரத்தமும் உண்டு. பார்த்தால் தெரியாது. பதினைந்து வயதிலிருந்து வெள்ளைக்காரியாகவே வாழ்ந்து வந்தவள். விஷயம் தெரிந்ததும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஆத்திரத்தில் வங்கிப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். என் ரத்தம் சுத்தமில்லை, கறைபட்டது என்று அவள் அழும்போது ஏஞ்சல் சொல்கிறான்: 'ரத்தம்தான் ஜூடி. எல்லாமே வெறும் ரத்தம்தான்.'

இதை வேறு எந்தக் கதாபாத்திரம் சொல்லியிருந்தாலும் ஆறுதல் வார்த்தையாகப் போயிருக்கும். சொல்கிறவன் இருநூறு வருடமாக ரத்தம் குடித்தவன். எல்லா நாட்டு ரத்தமும், எல்லா நிற மனிதர்களின் ரத்தமும் நாக்கில் பட்டவன். அதில் வித்தியாசம் இருந்தால் உலகத்தில் முதலில் அவனுக்குத்தான் தெரிந்திருக்கும்.

ஆனால் அவள் வாழ்ந்த நாடு வேறு கணக்கு வைத்திருந்தது. ஒரு துளி கறுப்பின ரத்தம் இருந்தாலும் அவர் கறுப்பர்தான் என்று சட்டமே எழுதிய மாநிலங்கள் இருந்தன. வர்ஜீனியா 1924-இல் எழுதியது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில், காயம்பட்ட வீரர்களுக்காக அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ரத்ததானம் திரட்டியது. முதலில் கறுப்பினத்தவரிடம் ரத்தமே வாங்க மறுத்தது. எதிர்ப்பு வந்த பிறகு, 1942 முதல் வாங்கிக்கொண்டது, ஆனால் தனியாகச் சீட்டு ஒட்டித் தனியாக வைத்தது. அறிவியலில் இதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. 1950-இல்தான் அந்தச் சங்கம் இந்த வழக்கத்தைக் கைவிட்டது. ஜூடி அந்த அறைக்குள் ஓடிவருவதற்கு வெறும் இரண்டு வருடம் முன்னால். தன் ரத்தம் கறைபட்டது என்று அவள் சொல்வது மனப்பிராந்தி இல்லை, நேயர்களே. பாட்டில் பாட்டிலாக அடுக்கிவைத்து நாடு அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

அவள் பேச்சு ஏஞ்சலை அசைத்துவிடுகிறது. முதல் முறையாக இன்னொருவருக்காக ஏதாவது செய்யவேண்டும் என்று கிளம்புகிறான். பணத்தை ஹோட்டலின் அடித்தளத்தில் ஒளித்துவைக்க உதவுகிறான். பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவரிடம் போய், பிசாசை எப்படி வெளியே கொண்டுவந்து கொல்வது என்று கேட்டு வருகிறான். திரும்பி வரும்போது காலம் கடந்துவிட்டது. ஹோட்டலில் கூட்டம் கூடி ஜூடியைப் பிடித்துவிட்டது. அவள் யார் என்பது தெரிந்துபோயிற்று. அடி விழப்போகிறது. அப்போது அவள் விரல் ஏஞ்சல் பக்கம் நீள்கிறது. 'நான் இல்லை, அவன்தான்! அவன் அறையில் போய்ப் பாருங்கள், ரத்தம் இருக்கிறது!'

அவர்கள் அவனை அடிக்கிறார்கள். கயிறு வருகிறது. கீழ்த்தளத்தில், எல்லோரும் உட்கார்ந்து காபி குடித்த அதே இடத்தில், கழுத்தில் சுருக்குப் போட்டு மேலே இழுக்கிறார்கள். ஆர்ப்பாட்டம், கூச்சல். பிறகு திடீரென்று அமைதி. தாங்கள் செய்ததைத் தாங்களே பார்த்து மலைத்துப்போய் ஒவ்வொருவராகக் கலைந்து போகிறார்கள். கயிற்றில் தொங்கும் உடல் மட்டும் மிச்சம். அப்புறம் அது கண்ணைத் திறக்கிறது. தூக்குப் போட்டால் ரத்தக்காட்டேரி சாகாது. அவர்களுக்கு அது தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அவர்கள் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டார்கள்.

பிசாசு இப்போது வெளியே வருகிறது. வயிறு நிறைந்த சந்தோஷத்தில் ஏஞ்சலுக்கு நன்றி சொல்கிறது. ஒரு மனிதரை மறுபடி நம்பவைத்து, அந்த நம்பிக்கையை உடைத்தால் கிடைக்கும் ருசியே தனி என்கிறது. இந்த ஹோட்டலில் உன் உதவி தேவைப்படும் ஆத்மாக்கள் நிறைய இருக்கிறதே, என்ன சொல்கிறாய் என்று சீண்டுகிறது. ஏஞ்சல் சொல்வது ஒரே வரி. 'எல்லோரையும் எடுத்துக்கொள்.' சொல்லிவிட்டு நடந்துபோகிறான்.

இந்த இடத்தில்தான் எழுதியவரின் துணிச்சல் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அடி வாங்கியவன், தூக்கில் தொங்கியவன், நியாயம் அவன் பக்கம். அவன் கோபத்தில் போனால் நாம் கைதட்டத்தான் செய்வோம். ஆனால் அந்தக் கோபத்துக்கு என்ன விலை என்று கதை கணக்குப் பார்க்கிறது. அந்த ஹோட்டல் அதற்குப் பிறகு பல கொலைகளைப் பார்க்கிறது. கடைசியில் 1979-இல் ஊழியர் ஒருவர் துப்பாக்கியோடு அறை அறையாகப் போனதும் இழுத்து மூடப்படுகிறது. 217-ஆம் அறைக்காரன் திரும்பிப் பார்க்காமல் போனதில் அந்த உயிர்களும் அடக்கம். பல்லால் கடித்துச் செய்த பாவங்களுக்கு அவன் சாபம் வாங்கிவிட்டான். கையைக் கட்டிக்கொண்டு போன பாவத்துக்குச் சாபம் கொடுக்க யாரும் இல்லை. அவனேதான் நாற்பத்தெட்டு வருடம் கழித்துத் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

வந்து பிசாசைக் கொல்கிறான். அந்தச் சண்டை அத்தியாயத்தில் சாதாரணமான பகுதி, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகு தனியாக மாடிக்குப் போகிறான். ஒரு அறைக் கதவைத் திறக்கிறான்.

உள்ளே ஒரு வயதான பெண்மணி உட்கார்ந்திருக்கிறார். ஜூடி. அவர் இந்த ஹோட்டலை விட்டுப் போகவே இல்லை. பிசாசு அத்தனை வருடமும் அவர் குற்ற உணர்ச்சியைத் தின்றே உயிர் வாழ்ந்திருக்கிறது. எந்தச் சிறைக்குப் பயந்து ஓடிவந்தாரோ அந்தச் சிறையைத் தனக்குத் தானே கட்டிக்கொண்டார். எதிரே நிற்பவன் அன்றைக்கு இருந்தது போலவே இருக்கிறான். அதை அவர் கேட்டுத் துருவவில்லை. உன்னை நான்தானே கொன்றேன், என்னை மன்னிப்பாயா என்று மட்டும் கேட்கிறார். ஏஞ்சல் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்கிறான்.

அவர்கள் போய்விட்டார்களா, வெளியே போகலாமா என்று அவர் கேட்கிறார். போகலாம் என்கிறான். நல்லது, கொஞ்சம் படுத்திருந்துவிட்டுப் போகிறேன் என்று அந்த அம்மாள் கண்ணை மூடுகிறார்.